சுரங்கத்துக்குள் சுழன்ற சக்கரங்கள்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ரயில் கடுகண்ணாவையைத் தாண்டியதும் மலையை விட்டு இறங்கத் தொடங்கும். இடப்பக்க ஜன்னலில் தரை சட்டென்று காணாமல் போய், கீழே வயலும் தென்னையும், தூரத்தில் பைபிள் பாறையும் தெரியும். பிறகு சுரங்கங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ரயில் நுழையும்போது பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போடுவார்கள். கைபேசிகளில் சிக்னல் கோடுகள் விழுந்துவிடும்.

அந்தப் பாதையில் ஒருமுறை என் பக்கத்தில் ஓர் இளைஞர் இருந்தார். கம்பளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். கொழும்பில் துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். போனை நெடுக்காக ஒரு கையில் பிடித்திருந்தார். திரையில் ஐந்து நிரலாகப் படங்கள் மேலிருந்து கீழே ஓடின: பொற்குடம், மாணிக்கக்கல், யானை. வலது மூலையில் வட்டப் பொத்தான். அதன் மேல் பெருவிரல் எழுவதும் விழுவதுமாக இருந்தது. மற்ற நான்கு விரலும் அசையவில்லை.

சுரங்கம் வந்தது. படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன, நிற்கவில்லை.

“சிக்னல் போயிருச்சுண்ணே,” என்றார், என்னைப் பார்க்காமலே. விரல் கண்ணாடியை அழுத்தியபடி இருந்தது. வெளிச்சம் திரும்பிய சில விநாடிகளில் சக்கரங்கள் நின்றன. இரண்டு பொற்குடம் சரியான இடத்தில். மூன்றாவது ஒரு படி மேலே நின்றுவிட்டது.

“பாத்தீங்களா, மயிரிழையில போயிருச்சு. சிக்னல் இருந்திருந்தா விழுந்திருக்கும்.” சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: “ஆனா போன்லதாண்ணே விழும். கூட்டாளியோட கொம்பியூட்டர்ல ஆடிப் பாத்தேன், ஒண்ணுமே விழல.”

இந்த நான்கு வாக்கியத்துக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. சிக்னல் முடிவை மாற்றியது என்பது ஒன்று. மூன்றாவது குடம் மயிரிழையில் தவறியது என்பது இன்னொன்று. போனில் ஆடுவதும் கொம்பியூட்டரில் ஆடுவதும் வேறு வேறு அதிர்ஷ்டம் என்பது மூன்றாவது. முதலிரண்டும் பிழை. மூன்றாவதும் அவர் சொன்ன அர்த்தத்தில் பிழைதான். ஆனால் அவர் நினைத்துப் பார்க்காத வேறோர் அர்த்தத்தில், போனுக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

இருட்டுக்குள் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒன்லைன் ஸ்லொட் விளையாட்டில் போனுக்குள் சக்கரம் கிடையாது. முடிவு எடுப்பதும் போன் அல்ல. பொத்தானைத் தொட்டதும் “இத்தனை ரூபா பந்தயம், சுழற்று” என்று ஒரு சிறு செய்தி கிளம்பி, எங்கோ ஒரு நாட்டில் குளிரூட்டிய அறையில் இருக்கும் சேர்வர் கணினிக்குப் போகிறது. அங்கே ஒரு மென்பொருள் எழுந்தமானமாக எண்களைத் தந்துகொண்டிருக்கிறது. 32 பிட் எண் என்றால் 0 முதல் 4,294,967,295 வரை எதுவும் வரலாம். அந்த எண்ணை வைத்து ஒவ்வொரு சக்கரமும் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு காசு சேர வேண்டும் என்று தீர்மானித்து, பதிந்துவிட்டு, பதிலை அனுப்புகிறது. கண்ணாடி இழைவழி ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே பூமியின் மறுபக்கமே ஆனாலும் இந்தப் போக்குவரத்துக்கு ஒரு விநாடி ஆகாது. ஆனால் திரையில் சக்கரம் இரண்டு மூன்று விநாடி சுழல்கிறது. அந்த நேரத்தில் பெரும் பகுதி முடிவு போனுக்கு வந்து சேர்ந்த பிறகு ஓடுவது. ஏற்கெனவே எழுதி முடிந்த தீர்ப்பை மெல்ல மெல்ல வாசித்துக் காட்டுகிற கூத்து அது.

அந்த இளைஞருக்கு நடந்தது இதுதான். சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன் அவருடைய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் வருவதற்குள் பாறை குறுக்கே வந்தது. போன் பதிலுக்காகக் காத்திருந்து, அதுவரை படங்களை ஓடவிட்டது. மூன்றாவது குடத்தின் கதை மலைக்குள் நுழையும் முன்பே முடிந்துவிட்டிருந்தது. செய்தி போய்ச் சேராமல் இருந்திருந்தால் பந்தயமே பதிவாகியிருக்காது. இரண்டில் எதுவானாலும், கண்ணாடியை அழுத்தியிருந்த விரலுக்கு அதில் வேலை இல்லை.

இதே சேர்வரோடுதான் அவருடைய கூட்டாளியின் கொம்பியூட்டரும் பேசியிருக்கும். முன்பெல்லாம் இந்த விளையாட்டுகள் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் இயங்கின. அது கொம்பியூட்டருக்கு உரியது, ஐபோனில் ஓடவே ஓடாது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃப்ளாஷைக் கைவிட்டது. அதற்கு முன்பே தயாரிப்பாளர்கள் எச்டிஎம்எல்5க்கு மாறியிருந்தார்கள். எழுதுவது ஒரே நிரல்; திரையின் அளவைப் பார்த்து அது தன்னை மடித்தோ விரித்தோ கொள்ளும். ஆக ஒரே தளத்தில் ஒரே விளையாட்டு என்றால் போனும் கொம்பியூட்டரும் ஒரே வீட்டின் இரண்டு ஜன்னல்கள்.

ஒரு விடயம் மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே பெயர், ஒரே படம் உள்ள விளையாட்டையே தயாரிப்பாளர்கள் பல திருப்பு வீதங்களில் விற்கிறார்கள். 100 ரூபா பந்தயத்துக்கு நீண்டகாலச் சராசரியில் 96 ரூபா திருப்பித் தருவது ஒன்று, 94 தருவது ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. எதைப் போடுவது என்பது தளக்காரர் விருப்பம். பேஸ்புக் விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கிற, எந்த நாட்டு உரிமமும் இல்லாத தளமானால் அந்த எண்ணைச் சரிபார்க்க வழியே கிடையாது. “கொம்பியூட்டரில் விழவில்லை” என்று ஒருவர் சொன்னால் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி, இரண்டிலும் ஒரே தளமா என்பதுதான்.

இப்போது அந்த மயிரிழை.

1890களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்ள்ஸ் ஃபே என்ற ஜெர்மன் மெக்கானிக் செய்த ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தில் மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் பத்துப் படம். மொத்தம் 10 × 10 × 10, அதாவது 1,000 சேர்க்கை. கண்ணால் பார்ப்பதும் கணக்கும் ஒன்றாக இருந்த காலம் அது. குறிப்பிட்ட படம் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒருமுறைதான் இருக்கிறது என்றால் மூன்றும் சேர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆடுபவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

1984இல் நோர்வேக்காரரான இங்கே டெல்னெஸ் என்ற கணிதக்காரர் ஒரு காப்புரிமை பெற்றார். சூதாட்ட இயந்திரத்தின் வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கலாம். வெளியே தெரியும் சக்கரத்தில் 22 நிறுத்தங்கள் இருக்கட்டும். உள்ளே கணினியின் நினைவில் 64 நிறுத்தங்கள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சக்கரம் இருக்கட்டும் என்றார். குலுக்கல் நடப்பது அந்த உள்சக்கரத்தில். 64 எண்களில் பெரிய பரிசுப் படத்துக்கு ஒன்றே ஒன்றை ஒதுக்கலாம். அந்தப் படத்துக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ள வெற்றிடங்களுக்கு ஐந்து, ஆறு என்று தாராளமாக ஒதுக்கலாம். அப்போது சக்கரம் திரும்பத் திரும்ப எங்கே நிற்கும்? பரிசுக்கு ஒரு படி மேலே, ஒரு படி கீழே. ஆடுபவர் கண்ணுக்கு 22 × 22 × 22 = 10,648இல் ஒன்று போலத் தெரியும். உள்ளே உண்மையில் 64 × 64 × 64 = 262,144இல் ஒன்று.

அதைவிட எளிமையாக வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று தாயக்கட்டை, ஆறு முகம் உள்ளவை, எடுத்து உருட்டுங்கள். மூன்றிலும் ஆறு விழுவது 216இல் ஒருமுறை. சரியாக இரண்டில் மட்டும் ஆறு விழுவது 216இல் 15 முறை. எந்த மோசடியும் இல்லாத கட்டையிலேயே ஒரு வெற்றிக்குப் பதினைந்து ‘மயிரிழைகள்’ வருகின்றன. இரண்டு ஆறு விழுந்தது மூன்று ஆறுக்கு ‘கிட்ட’ வந்ததாகாது. அடுத்த உருட்டலுக்கு அது எதையும் சேர்த்து வைப்பதில்லை. கிரிக்கெட்டில் விக்கெட்டை உரசிப் போன பந்து, வீசியவரின் கை சரியான இடத்தில் இருப்பதைக் காட்டும். தாயத்தில் உரசல் என்ற ஒன்றே கிடையாது.

இது தெரிந்தும் மூளை ஏமாறுகிறது. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்லொட் போன்ற ஒன்றை ஆடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். மயிரிழைத் தோல்வி வந்தபோது, வென்றால் விழித்தெழும் பகுதிகள் விழித்தெழுந்தன. ஆடியவர்கள் அது பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். ஆனால் இன்னொருமுறை ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது, குறிப்பாகப் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தபோது. கண்ணாடியை அழுத்தியிருந்த அந்த விரலை இதைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது காசுக் கணக்கு.

ஒருவர் 500 ரூபா போடுகிறார். ஒரு சுழற்றுக்கு 20 ரூபா. திருப்பு வீதம் 96 சதவீதம் என்று நல்லதாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சுழற்றுக்கும் சராசரியாக 80 சதம் கரைகிறது. ஐந்து ரூபா வந்து பத்து ரூபா போய் என்று மேலும் கீழும் ஆடினாலும், காசு தீரும்வரை ஆடுகிறவருக்குச் சராசரி 625 சுழற்று. ஒன்றுக்கு மூன்று விநாடி என்றால் 31 நிமிடம். இதில் சராசரி என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. ஒரு சிலருக்குப் பெரிய தொகை விழுந்து மணிக்கணக்கில் ஆடுவார்கள். அவர்கள்தான் சராசரியை இழுத்து உயர்த்துகிறார்கள். பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே வெறுங்கையாகிவிடுவார்கள்.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. தோட்டத்தில் அதை ஒரு பேர் என்பார்கள். அட்டைக்கடியில், மழையில், மலைச்சரிவில் நின்று கொழுந்தெடுத்து நிறுவை கொடுத்து வாங்கும் ஒரு பேர். மேற்சொன்ன வேகத்தில் அது சராசரியாக 84 நிமிடத்தில் கரையும். ஆறு விநாடிக்கு ஒரு சுழற்று என்றால் 169 நிமிடம். அதாவது காசைத் தின்பது இரண்டு: சுழற்றின் வேகம் ஒன்று, ஆடும் நேரம் மற்றது. போனும் கொம்பியூட்டரும் பிரிகிற இடம் இதுதான். திருப்பு வீதத்தை எந்தக் கருவியும் மாற்றாது. ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை நேரம், எந்த நேரம் என்பதைக் கருவி மாற்றும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கண்டி நகரத்து நெட் கடைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மாடிப்படி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, ப்ளைவுட் தட்டி அடித்த சிறு கூண்டுக்குள் நுழைய வேண்டும். மணிக்கணக்குக்குக் காசு. பின்னால் இருப்பவருக்குத் திரை தெரியும். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். மேசையிலிருந்து கடைக்காரர் “தம்பி, டைம் முடிஞ்சிருச்சு” என்று குரல் கொடுப்பார். இரவு கடை சாத்துவார்கள். கடைசி பஸ் குட்செட் பஸ் நிலையத்திலிருந்து போய்விடும். இவை எல்லாம் அப்போது தொல்லைகளாகத் தெரிந்தன. சூதாட்டத்தைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் ஒரு கதவு. ஆட வேண்டுமென்றால் அத்தனையையும் தாண்டிப் போக வேண்டும். போன பிறகும் யாராவது எழுப்பிவிடுவார்கள்.

வீட்டுக் கொம்பியூட்டரில் அந்தக் கதவுகள் குறைந்தன, ஆனாலும் சில மிஞ்சின. மேசைக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், இயக்க வேண்டும். 2022 மார்ச்சில் நாட்டில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு நடந்தபோது கொம்பியூட்டர் செத்துக் கிடந்தது. போன் உயிரோடு இருந்தது. தோட்டப் பகுதிகளில் வீட்டில் கொம்பியூட்டர் இருப்பது நாட்டிலேயே மிகக் குறைவு. இருக்கிற வீட்டிலும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் மடிகணினியைத் திறந்தால் அம்மா, தங்கச்சி, தாத்தா எல்லோர் முகத்திலும் அதன் வெளிச்சம் விழும். போனைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம். உரிமம் பெற்ற கசினோக்கள் இருக்கும் கொழும்பு கண்டியிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். போர்வைக்கும் முகத்துக்கும் ஒரு சாண்.

போன் பிடிக்கும் விதமும் இதில் சேரும். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013இல் தெருவிலும் பஸ்ஸிலும் 1,333 பேர் போன் பாவிப்பதைக் கவனித்துக் குறித்தார். திரையைத் தொட்டுப் பாவித்தவர்களில் 49 சதவீதமானோர் ஒரு கையால் பிடித்துப் பெருவிரலால் இயக்கினார்கள். பெருவிரல் நோகாமல் எட்டும் இடம் திரையின் கீழ்ப்பாதி. போனில் சுழற்றுப் பொத்தான் அங்கேதான் இருக்கிறது. கெட்டம்பே நெரிசலில் பஸ் கம்பியை ஒரு கையால் பிடித்து நிற்பவருக்கு மற்றக் கை போதும். என்ன சேர்க்கைக்கு எவ்வளவு, திருப்பு வீதம் எவ்வளவு, இதுவரை எவ்வளவு போனது என்ற விவரங்கள் பல விளையாட்டுகளில் மூன்று கோட்டு அடையாளத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை எட்ட இரண்டாவது கை வேண்டும். கொம்பியூட்டரின் அகலத் திரையில் இவற்றில் சில கண்ணெதிரே இருக்கும், மூலையில் மணிக்கூடும் இருக்கும். போனில் விளையாட்டு திரை முழுவதையும் பிடித்ததும் மணிக்கூடே மறைந்துவிடும்.

போனுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சன் குழுவினர் 2010இல் காட்டியது இது: 20 ரூபா போட்டு 8 ரூபா வந்தாலும் இயந்திரம் மணி அடித்துக் கொண்டாடும், அந்த 12 ரூபா நட்டத்துக்கு உடம்பு, தோலின் வியர்வை அளவில், வெற்றிக்குப் போலவே துடிக்கிறது. பின்னர் செய்த ஆய்வில், சத்தத்தோடு ஆடியவர்கள் தாங்கள் வென்ற தடவைகளைக் கூட்டி மதிப்பிட்டார்கள். பஸ்ஸில் ஆடுகிறவர் சத்தத்தை அடைத்துவிடுகிறார். அந்த அளவுக்கு ஒரு பொய் குறைகிறது. உள்ளங்கைக்குள் அதிர்வு மட்டும் மிஞ்சுகிறது.

கொம்பியூட்டரின் ஆபத்தைக் குறைத்தும் சொல்லக் கூடாது. லாஸ் வேகஸ் இயந்திரங்களின் முன் பல மணிநேரம் இருந்தவர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிய மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் 2012இல் வெளியிட்ட நூலில், ஆடுபவர்கள் காசையும் காலத்தையும் தம்மையும் மறந்து கரைந்துபோகும் ஒரு நிலையை விவரிக்கிறார். நாற்காலியும் பெரிய திரையும் அமைதியான அறையும் அதற்குத் தோதானவை. ஒரே இரவில் பெருந்தொகையைத் தொலைப்பதற்கு இன்றைக்கும் மேசைக் கொம்பியூட்டர் போதும். போன் செய்வது வேறு வகையான வேலை. அதை விளங்கிக்கொள்ள நாம் உடவத்தகலைக் குரங்குகளிடம் போக வேண்டும்.

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் அந்தக் காட்டோரம் குடியிருப்பவர்களுக்குக் குரங்கு தெரியாத நாள் கிடையாது. குசினி ஜன்னலை நாள்தோறும் திறந்து வைத்து, பழம் எடுக்கவிட்டு, ஒருநாள் முற்றாகச் சாத்திவிட்டால் குரங்கு சில நாள் வந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். என்றைக்கும் கிடைத்தது நின்றுபோனால் நின்றது உடனே தெரிந்துவிடுகிறது. மறதியாக எப்போதாவது ஒருநாள் திறந்து வைக்கிற வீடு என்றால் கதை வேறு. ஜன்னல் சாத்தியிருப்பது அதற்கு வழமைதான். நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை, ஆனாலும் இன்று இருக்கலாம். மாதக்கணக்கில் வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும்.

உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் கண்டது இதைத்தான். சார்ள்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட பெருநூலில் பக்கம் பக்கமாக வரைபடங்கள்: எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி வரும் என்று தெரியாத புறா மிக வேகமாகவும் ஓயாமலும் கொத்துகிறது. தீனி நின்ற பிறகும் நெடுநேரம் கொத்துகிறது. ஸ்லொட் இயந்திரம் இதே கணக்கில்தான் ஓடுகிறது என்று ஸ்கின்னரே சொன்னார். சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் முள் போன்றது என்று வள்ளுவர் வைத்த உவமையை நான் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கப் பாடமாகவே படித்தேன். பின்னாளில் அது துல்லியமான அவதானிப்பு என்று புரிந்தது. தோல்வி யாரையும் பிடித்து வைப்பதில்லை. இடையில் வரும் வெற்றியே முள்.

இந்தக் கதையின் உட்பகுதியைத் திறந்தவர் நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். நம் மலைக்குரங்குக்கு உறவான மக்காக் குரங்குகளுக்கு வாயில் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து, டோபமின் நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்டார். சாறு எதிர்பாராமல் வந்தால் அணுக்கள் துடித்தன. நிச்சயமாக வரும் என்று தெரிந்த சாற்றுக்குத் துடிக்கவில்லை. ஃபியோரில்லோ, டோப்ளர் ஆகியோருடன் அவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது: வருமா வராதா என்பது சரிபாதியாக இருக்கும்போது, காத்திருக்கும் அந்த இடைவேளையிலேயே அணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டது. சாறு வருவதற்கு முன், காத்திருப்பில். ஸ்லொட் திரையில் சக்கரங்கள் சுழல்கிற அந்த இரண்டு மூன்று விநாடி எதற்காக என்று இப்போது தெரிகிறது. சுரங்கம் அந்தக் காத்திருப்பை நீட்டிவிட்டது. அந்த இளைஞரின் முகம் இருட்டில் போன் வெளிச்சத்தில் இறுகியிருந்ததை நான் பார்த்தேன்.

இனி போனுக்கு வரலாம். 2017இல் ரிச்சர்ட் ஜேம்ஸ், கிளேர் ஓமாலி, ரிச்சர்ட் டன்னி ஆகிய பிரித்தானிய உளவியலாளர்கள் ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். போனை நாம் ஒரே மூச்சில் பாவிப்பதில்லை. அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று எடுத்துப் பார்த்து வைக்கிறோம். அந்தச் சிறு துண்டுகளுக்குள் சூதாட்டம் புகுந்தால் ஆட்டங்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசோடு இடைவெளியும் சேரும்போது, கற்றுக்கொண்ட பழக்கம் அழிவதற்கு இன்னும் கூடுதலாக எதிர்த்து நிற்கும் என்பது கற்றல் கோட்பாட்டின் முடிவு. பிறகு அவர்கள் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்து, மக்களின் அன்றாட வாழ்க்கைக்குள் போனிலேயே ஸ்லொட் போன்ற ஆட்டத்தைக் கொடுத்து, பரிசு நின்ற பின்னும் எவ்வளவு தூரம் தொடர்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

இந்த வாதம் எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், நாம் எல்லோரும் எதிர்த்திசையில் யோசித்துவிடுகிறோம். ‘பையன் மணிக்கணக்காக ஆடவில்லை, பஸ் வரும்வரை இரண்டு நிமிடம்தான் ஆடுகிறான்’ என்று ஒரு தாய் ஆறுதல்படுவாள். ஆறுதல்பட இடமில்லை. கொம்பியூட்டரில் ஒரே இரவில் 300 சுழற்று ஆடுகிறவருக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. காலையில் எழுந்து “நேற்று ஆடினேன், தோற்றேன்” என்று சொல்ல முடியும். அதே 300 சுழற்றை பஸ் தரிப்பிடத்தில் பத்து, டீக்கடையில் ஆறு, கழிவறையில் இருபது, தூக்கம் வராத இரண்டு மணிக்கு நாற்பது என்று தூவி ஆடுகிறவருக்கு எண்ணிக்கையே கையில் நிற்காது. குட்செட், டீக்கடைப் பலகை, கட்டில் விளிம்பு என்று கால்பட்ட இடமெல்லாம் சாத்திய ஜன்னலாகிவிடுகிறது, என்றாவது திறக்கக்கூடிய ஜன்னல். விட நினைக்கும்போது கொம்பியூட்டர்க்காரர் ஒரு மேசையை விட்டு விலகினால் போதும். போன்காரர் தன் நாளையே விட்டு விலக வேண்டும். அந்தப் போனில்தான் வீட்டுக்குக் காசு அனுப்புவது, முதலாளி கூப்பிடுவது, அம்மாவின் மருந்துச் சிட்டை எல்லாம் இருக்கின்றன.

கருவியைக் குறை சொல்லி நிற்காமல் சட்டத்தால் கைவைக்கலாம் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பிரித்தானிய சூதாட்ட ஆணைக்குழு 2021 அக்டோபரிலிருந்து, ஒன்லைன் ஸ்லொட்டில் ஒரு சுழற்று 2.5 விநாடிக்குக் குறையக் கூடாது என்றது. தானாகச் சுழலும் வசதியைத் தடுத்தது. போட்ட காசைவிட அதிகம் வராத சுழற்றைக் கொண்டாடிக் காட்டக் கூடாது என்றது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சுழற்றுக்கு 5 பவுண்ட் உச்சம். மே மாதத்திலிருந்து 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்ட். டிக்சன் வியர்வையில் அளந்தது சட்டத்தில் ஒரு வரியானது. நம் நாட்டில் 2025 ஓகஸ்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒன்லைன் சூதாட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. உரிமக் கட்டணமும் வரியும் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சுழற்றின் வேகம் பற்றியும் அங்கே பேசப்பட வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். ஒரு பேர் 84 நிமிடத்தில் கரைவதா, 169 நிமிடத்தில் கரைவதா என்பது ஒரு விதியில் ஒரு எண்ணை மாற்றுகிற விடயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பு, சூதாட்டக் கோளாறை ஒரு நோயாகவே வரையறுக்கிறது. அதில் ஒன்லைன் வகை தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். இதையெல்லாம் ரயிலில் நான் அவரிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. சேர்வர் பற்றி மட்டும் சொன்னேன். முடிவு முன்கூட்டியே வந்துவிடுகிறது, சுழல்வது படம் என்றேன்.

அவர் கவனமாகக் கேட்டார். “அப்ப நான் அமுக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாண்ணே?” என்றார். இல்லை என்றேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். மலை முடிந்து சமதரை வந்திருந்தது.

ரம்புக்கனையில் ரயில் நின்றதும் வடைக்காரர் ஏறினார். இளைஞர் எனக்கும் சேர்த்து நான்கு வடை வாங்கினார், காசு கொடுக்க விடவில்லை. பழைய சிங்களப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றிய சூடான வடையை என்னிடம் நீட்டும்போது அவருடைய பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. வடை இன்னும் எங்கள் இருவர் கைக்கும் நடுவில் இருந்தது. அவருடைய மற்றக் கை அதற்குள் பைக்குப் போய்விட்டது.